கடலில் கொள்ளை, கரையில் காரணம்

2024 ஜனவரியில் இலங்கைப் பலநாள் மீன்பிடிப் படகொன்றைச் சோமாலியக் கடற்கொள்ளையர் கடத்தினர். அதிலிருந்த ஆறு மீனவர்களையும் சீசெல்ஸ் பாதுகாப்புப் படையினர் சில நாட்களுள் மீட்டனர். அதற்கு முன் 2017 மார்ச்சில் 'ஆரிஸ் 13' எண்ணெய்க் கப்பலுடன் பிடிக்கப்பட்ட எட்டு இலங்கை மாலுமிகள், கப்பம் எதுவுமின்றி விடுவிக்கப்பட்டனர். ஆகவே கடற்கொள்ளை நமக்குத் தொலைதூரத்துக் கதையன்று. அதை எதிர்கொள்வது எப்படி? அதன் வேர் எங்கே உள்ளது? இப்பாடத்தில் சிந்திப்போம்.

1. வேர் எங்கே?

சோமாலியாவின் கடற்கரை 3,000 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. 1991 ஜனவரியில் சியாட் பரேயின் ஆட்சி கவிழ்ந்தது. அதன்பின் கடலைக் காக்கக் கடற்படை இல்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்த அதிகாரிகளும் இல்லை. வேலியில்லாத வயலில் கட்டாக்காலி மாடுகள் புகுவதுபோல வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்கள் புகுந்தன. சிறு மீனவர்கள் மீனையும் வலைகளையும் இழந்தனர். 2004 டிசம்பர் சுனாமி ஹாபூன் முதலிய ஊர்களில் எஞ்சிய படகுகளையும் அழித்தது.

சிலர் தம்மைக் 'கரைகாவலர்' என்று அழைத்துக்கொண்டு, அத்துமீறிய படகுகளைப் பிடித்துத் தண்டப்பணம் கேட்டனர். பணம் கிடைப்பதைக் கண்ட முதலாளிகளும் ஆயுதக் குழுக்களும் இதில் இறங்கினர். அதன்பின் அது நியாயம் கேட்கும் முயற்சியாக இருக்கவில்லை, வியாபாரமாயிற்று. சோமாலிய மக்களுக்கே நிவாரண உணவு ஏற்றிச் சென்ற கப்பலும் 2005இல் கடத்தப்பட்டது. 2005 முதல் 2012 வரை பெறப்பட்ட கப்பம் 339 முதல் 413 மில்லியன் டொலர் என 2013இல் உலக வங்கி பங்குகொண்ட ஆய்வொன்று மதிப்பிட்டது. கொழுத்த பங்கு பணம் போட்டவர்களுக்கே. உயிரைப் பணயம் வைத்துப் படகில் சென்ற இளைஞனுக்குக் கிடைத்தது சிறு பங்கு.

2. போர்க்கப்பல்களால் முடிந்ததும் முடியாததும்

2008இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை அனுமதி வழங்க, பல நாடுகளின் கடற்படைகள் அங்கு சென்றன. வணிகக் கப்பல்களும் ஆயுதக் காவலரை அமர்த்தின. 2011இல் 237 ஆக இருந்த தாக்குதல்கள் 2013இல் 15 ஆகக் குறைந்தன. இதனால் மாலுமிகள் பலர் காக்கப்பட்டனர். இப்பயனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும் 2023இன் பிற்பகுதியில் கடற்படைகளின் கவனம் செங்கடல் பக்கம் திரும்பியதும் கடத்தல்கள் மீண்டும் தொடங்கின. கோரைப்புல்லை மேலே வெட்டினால் போதாது. கிழங்கையும் தோண்டவேண்டும் என்பதை விவசாயிகள் அறிவர்.

3. கரையில் செய்யவேண்டியவை

கடத்திய கப்பலை நிறுத்த ஒரு கரை வேண்டும். உணவும் தண்ணீரும் வேண்டும். ஊரில் செல்வாக்குள்ளோரின் சம்மதமும் வேண்டும். இச்சம்மதம் கிடைக்காத இடத்தில் கொள்ளையர் நிலைக்க முடியாது. ஆகவே:

அ) கரையோர ஊர்களுக்குப் பாதை, இறங்குதுறை, ஐஸ் வசதி, நியாயவிலைச் சந்தை ஆகியவை கிடைக்கவேண்டும்.

ஆ) களவாக மீன்பிடிக்கும் கப்பல்களை அவற்றின் சொந்த நாடுகளே தண்டிக்கவேண்டும்.

இ) கடலில் பிடிபடும் இளைஞரோடு நின்றுவிடாது, பணம் போட்டவர்களையும் நீதிமன்றில் நிறுத்தவேண்டும்.

இழுவைப்படகுகளால் வலையை இழக்கும் வேதனையை நமது வடபகுதிக் கடற்றொழிலாளர் நன்கறிவர். அவர்கள் சங்கங்களாகச் சேர்ந்து மகஜர் கொடுத்தனர். வீதியில் இறங்கிப் போராடினர். 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது. துயரம் முற்றாகத் தீரவில்லை. ஆயினும் முறையிட ஓர் இடம் உண்டு. 1991க்குப் பின் சோமாலிய மீனவனுக்குத் தட்டுவதற்கு ஒரு கதவும் இருக்கவில்லை.

நீதிமொழிகள் நூலின் 6ஆம் அதிகாரம் பசியால் திருடுபவனின் நிலையைப் புரிந்துகொள்கிறது. ஆனால் அவன் ஈடுசெய்யும் கடமையை நீக்கவில்லை. நமது பார்வையும் அவ்வாறே அமையட்டும். கடத்தப்பட்ட மாலுமியும் ஏழை. கடலை இழந்த மீனவனும் ஏழை. ஒருவருக்காக மற்றவரை மறப்பது நீதியாகாது.

குழுவாகக் கலந்துரையாட

1. அநீதிக்கு உள்ளானவர் பிறருக்கு அநீதி செய்யும் நிலை எப்போது உருவாகிறது?

2. நமது ஊர் இளைஞர் சட்டவிரோதத் தொழிலுக்கு இழுக்கப்படும்போது இலாபம் பெறுபவர் யார்?

3. நமது சங்கம் எந்த முறைப்பாட்டை, யாரிடம், எப்படி எடுத்துச் செல்லலாம்?