கணிப்பொறிக்கு நினைவகம் கூட்டியபின் நேரும் கோளாறுகள்

செஞ்சிக் கோட்டை வட்டாரத்தில், தொண்டூர் முதலிய ஊர்களில் நெல்லும் மணிலாவும் பயிரிடும் நம் அங்கத்தினர்களின் கடன் கணக்குகள் முன்போலப் பேரேட்டில் மாத்திரம் இருப்பவை அல்ல. 2022-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி, நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க ரூ. 2,516 கோடியில் ஐந்தாண்டுத் திட்டமொன்றை மத்திய அமைச்சரவை ஏற்றது. நெசவாளர் பக்கமும் இவ்வாறே. பட்டுச் சேலைக்கான பேட்டு, முந்தானைச் சித்திரங்களைக் கட்டம் போட்ட காகிதத்தில் எழுதிய காலம் போய், கணிப்பொறியில் வரையும் வழக்கம் வந்துவிட்டது.

இவ்வேலைகளுக்குப் பழைய யந்திரம் ஈடுகொடுப்பதில்லை. ஆகவே கடைக்காரர் யோசனைப்படி நினைவகம் கூட்டுகிறார்கள். வழக்கில் இதனை ராம் என்பர். கூட்டிய அன்று யந்திரம் விரைவாக ஓடும்; மறுநாள் வேலை நடுவில் நீலத் திரை தோன்றி நின்றுவிடும். மீண்டும் இயக்கினால் ஓடும், மறுபடி நிற்கும். இத்தகைய கோளாற்றை எவ்வாறு கண்டறிவது என்பதே இம்மாதப் பாடம்.

நினைவகம் என்பது யாது? கணிப்பொறி அப்போதைக்கப்போது கையாளும் எண்களை வைத்துக்கொள்ளும் இடம். ஒவ்வோர் எண்ணும் ஒன்று, பூஜ்யம் என்னும் இரண்டே குறிகளால் எழுதப்படும். ஒரு குறிக்குப் பிட் என்று பெயர். நம் நெசவாளர்களுக்கு இது அந்நியமான விஷயம் அன்று. 1950, 60-களில் நினைவகங்கள் உண்மையிலேயே நெய்யப்பட்டன. நுண்ணிய காந்த வளையங்களினூடே நெடுக்கும் குறுக்குமாகக் கம்பிகளைப் பாவும் ஊடையும் போலக் கோத்தார்கள். பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையம் 1960-இல் இயக்கிய டிஃப்ராக் கணிப்பொறியின் நினைவகம் இவ்வகையதே. சந்திரனுக்குச் சென்ற அப்போலோ கலங்களின் நிரந்தர நினைவகத்தை அமெரிக்காவில் வால்தம் நகரத் தொழிற்சாலையில் பெண்கள் கையால் கோத்தனர். கம்பி வளையத்தினூடே சென்றால் ஒன்று, புறத்தே சென்றால் பூஜ்யம். ஓர் இழை தவறினாலும் கணக்குத் தவறும் என்பதால் ஒவ்வொரு கோப்பையும் பரிசோதித்தே அனுப்பினார்கள். இன்றைய ராமில் கம்பிகள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணறைகளில் மின்னூட்டமே குறியாக நிற்கிறது. ஆயினும் இழை தவறினால் வரும் விளைவு மாறவில்லை.

இங்கு அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. நினைவகம் பழுதானால் யந்திரம் நின்றுவிடுவது நமக்கு நல்லதே; தவறு தெரிந்துவிடுகிறது. நில்லாமல் ஓடிக்கொண்டே ஓர் எண்ணை மாற்றி வைத்தால் எவருக்கும் தெரியாது. 2003-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில், பிரஸ்ஸல்ஸை அடுத்த ஸ்கார்பேக் என்னுமிடத்தில் ஒரு வேட்பாளருக்குக் கணக்கில் 4,096 வாக்குகள் மிகுதியாக விழுந்தன. கிடைக்கக்கூடிய அளவுக்கு மேல் வாக்கு வந்ததால்தான் சந்தேகம் எழுந்தது. ஆராய்ந்தவர்கள் நிரலில் பிழை காணவில்லை. நினைவகத்தில் ஒரு பிட் பூஜ்யத்திலிருந்து ஒன்றாகப் புரண்டிருக்கவேண்டும் என்று கருதினார்கள். பதின்மூன்றாம் இடத்துப் பிட்டின் மதிப்பு சரியாக 4,096. அதே பிட், ரூ. 50,000 நகைக்கடன் எழுதிய இடத்தில் புரண்டால் கடன் ரூ. 54,096 ஆகும். பதினாறாம் பிட் விழுந்தாலோ ரூ. 17,232 ஆகும். முன்னதில் அங்கத்தினருக்கு நஷ்டம், பின்னதில் சங்கத்துக்கு.

இத்தகைய புரளலைத் தானே கண்டு திருத்தும் முறையை ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் வெளியிட்டார். பெரிய பாங்கிகளின் யந்திரங்களில் அவ்வகை நினைவகம் உண்டு; மேசைமேல் வைக்கும் சாதாரணக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் இல்லை. அதனால்தான், ராம் கூட்டியபின் ஒருமுறை நின்ற யந்திரத்தில், காரணம் காணுமுன் கணக்கு எழுதலாகாது என்கிறோம்.

இனிப் பரீட்சை முறை. முதற்காரியம், பழைய காப்புப் பிரதியைப் பத்திரப்படுத்துவது. ராம் கூட்டுவதற்கு முன் எடுத்த பிரதியின் மேல், பின் எடுத்த பிரதியை எழுதிவிடக் கூடாது. இதைச் செய்யாமல் திருப்புளியைக் கையில் எடுப்பவர்களே அதிகம். விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றுவோம் என்று யாரேனும் சொன்னால் பொறுக்கச் சொல்லுங்கள். பழுதான நினைவகத்தின் வழியே ஏற்றும் விண்டோஸும் பழுதாகவே இறங்கக்கூடும்.

அடுத்து யந்திரத்தை நிறுத்தி, மின் இணைப்பைப் பிடுங்கி, பெட்டியின் இரும்புப் பாகத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு புதிய ராமைக் கழற்றவேண்டும். பொன்னிற விளிம்பில் விரல் படலாகாது. பழைய ராமுடன் மாத்திரம் ஒரு நாள் முழுதும் ஓடவிடுங்கள். இப்போது கணக்கு வேண்டாம். அப்போதும் நின்றால் குற்றம் புதியதன்மேல் இல்லை என்று எண்ணலாம். பெட்டியைத் திறந்த கை வேறு கம்பியை நெகிழச் செய்திருக்கலாம், விசிறி தூசியடைத்து உஷ்ணம் ஏறியிருக்கலாம், மின்வழங்கி தளர்ந்திருக்கலாம்.

பழையதுடன் சரியாக ஓடினால், அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாத்திரம் அதே பள்ளத்தில் பொருத்துக. இரு புறத்துத் தாழ்களும் சொடுக்கென்று விழும்வரை நேராக அழுத்தவேண்டும். பாதி அமர்ந்த ராமே பல கோளாறுகளுக்குக் காரணம். கடைக்காரர் வந்து மறுமுறை அழுத்திவிட்டுப் பழுது பார்த்ததாகக் கூலி வாங்கிச் செல்வதும் உண்டு. பொருந்தவில்லையெனில் பலவந்தம் வேண்டாம். டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 ஆகியவற்றின் விளிம்பு வெட்டுகள் வெவ்வேறு இடத்தில் இருக்கும், முன்னதற்கு 1.5 வோல்ட், பின்னதற்கு 1.2 வோல்ட். ஒன்றன் இடத்தில் மற்றொன்று செல்லாதிருக்கவே அவ்வாறு வெட்டியிருக்கிறார்கள்.

இந்நிலையில் நினைவகப் பரிசோதனையை ஓடவிடுக. விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்னும் கருவி இருக்கிறது. அதனினும் கடுமையானது மெம்டெஸ்ட்86; இலவசமாகக் கிடைக்கும் இதனை யு.எஸ்.பி. குச்சியில் ஏற்றி, விண்டோஸ் தொடங்குமுன் ஓட்டவேண்டும். மாலையில் தொடங்கிக் காலைவரை விடுவது நலம். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராம் கணக்குக்கு உதவாது. பிழை கண்டால் அதே ராமை அடுத்த பள்ளத்தில் பொருத்தி மறுபடி சோதிக்க. பிழை ராமோடு கூடவே வந்தால் குற்றம் ராமினுடையது. பழைய பள்ளத்திலேயே தங்கிவிட்டால் தாய்ப்பலகையினுடையது. இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல ராமைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கி, அதுவும் நின்று, மூன்றாவதற்குச் சங்கப் பணத்தைச் செலவிடுவார்கள்.

தனித்தனியே இரண்டும் நன்றாக ஓடி, சேர்ந்தால் மட்டும் நின்றால் பொருத்தமின்மையே காரணம். ஒரே பாவில் 40-ஆம் நம்பர் நூலையும் 60-ஆம் நம்பர் நூலையும் கலந்தால் நெசவு எவ்வாறு வரும் என்று நெசவாளரைக் கேட்க வேண்டியதில்லை. வேகம் வேறான இரு ராம்கள் ஒரு நுகத்து மாடுகள் போல மெதுவானதன் நடைக்கே நடக்கவேண்டும். பெரும்பாலும் நடந்துவிடும், சில யந்திரங்களில் நடவாது. பயாஸ் அமைப்பில் எக்ஸ்.எம்.பி. என்னும் மிகுவேக ஏற்பாடு இயங்கினால் அதை நிறுத்திப் பாருங்கள். அதனாலும் தீராவிடில் ஒரே தயாரிப்பில், ஒரே வேகத்தில், ஜோடியாக விற்கும் ராம்களை வாங்குவதே வழி. 32 பிட் விண்டோஸ் உள்ள யந்திரத்துக்கு 4 ஜி.பி.க்கு மேல் ராம் வாங்குவது வீண் செலவு. மேற்பட்டதை அது உபயோகிக்காது.

குற்றம் ராமில்தான் என்று தெரிந்தபின் இன்னொரு வேலை மீந்திருக்கிறது. அது பொருத்திய நாள் முதல் கழற்றிய நாள்வரை அந்த யந்திரத்தில் ஏறிய ஒவ்வொரு பதிவையும் ரசீதுப் புத்தகத்துடனும் நாள்வழியுடனும் ஒத்துப்பார்க்கவேண்டும். கூட்டுத்தொகை சரியாக இருப்பது போதாது. கூட்டியதும் அதே யந்திரந்தானே. நெசவுச் சித்திரக் கோப்புகளையும் அட்டை குத்தக் கொடுக்குமுன் திறந்து பார்த்துவிடுக. பழுதான ராமைப் பட்டியலுடன் உத்தரவாதக் காலத்துக்குள் கடையில் மாற்றிக்கொள்ளலாம்; பெட்டியைத் திறந்த தேதியையும் பரிசோதனையில் கண்ட பிழையையும் காரியதரிசி குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தால் கடைக்காரருடன் வாதம் சுருங்கும்.