பழைய நாணயம் சேர்க்கிறீர்களா?

• நாணயத்தை விளிம்பில் பிடியுங்கள். விரல் வியர்வை செம்பில் கறையாகப் படியும்.

• புளி, பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். காலத்தால் படிந்த நிறம் போனால் மதிப்பும் போய்விடும்.

• பி.வி.சி. உறையில் செம்பு, வெள்ளிக் காசுகள் பச்சைப் பிசுக்கு பிடிக்கும். மைலார் உறையே நல்லது.

• 1862 முதல் 1920 வரையிலான பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் 11.66 கிராம். தேய்மானத்தால் சற்றுக் குறையலாம். காந்தத்தில் ஒட்டினால் போலி.

• அடையாளம் தெரியாத காசைப் பற்றி மற்ற சேகரிப்பாளர்களிடம் கேட்கும்போது இரு பக்கப் படம், எடை, விட்டம் மூன்றையும் கொடுங்கள்.

• வாங்கிய இடம், தேதி, விலையைக் குறித்துவையுங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

• மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும்.