புழுவும் பட்டாம்பூச்சியும்: சில சொற்சிந்தனைகள்

முன்னுரை

பட்டாம்பூச்சியைக் கண்டு மகிழாதார் இலர். புழுவைக் கண்டு முகம் சுளியாதார் அரியர். இரண்டும் ஓருயிரின் இருநிலைகள் என்பது நாம் பள்ளியிலேயே பயின்ற செய்தி. எனினும் அது நம் சொல்லில் முழுமையாக இடம்பெறவில்லை. வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியைச் சான்றாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

முட்டையும் புழுவும்

தாய்ப்பூச்சி இலையைக் காலால் தொட்டுச் சுவையறிந்த பின்னரே முட்டையிடும். வெளிர்மஞ்சள் நிறமுடைய முட்டைகள் தனித்தனியே இடப்பெற்றுச் சில நாள்களில் பொரியும். இளம்புழு கருமையும் வெண்மையும் கலந்து பறவையின் எச்சம் போலத் தோன்றும். இத்தோற்றமே அதற்குக் காப்பாகும். நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவம் எய்துகையில் இலையின் பச்சை நிறம் பெறும். தீண்டினால் தலையின் பின்னிருந்து கவைபட்ட உறுப்பொன்றை நீட்டி நாற்றம் பரப்பும்.

கூடும் கூடின்மையும்

முதிர்ந்த புழு உண்பதை நிறுத்தி, தண்டில் வால்நுனியைப் பதித்து, பட்டிழை ஒன்றால் தன்னைக் கட்டிக்கொண்டு இறுதித் தோலை உரிக்கும். இந்நிலையைக் 'கூட்டுப்புழு' என்கிறோம். ஈண்டு ஒரு சொற்சிக்கல் எழுகிறது. மல்பெரி இலை உண்ணும் பட்டுப்புழு உண்மையிலேயே இழையால் கூடு கட்டி அதனுள் உருமாறுகிறது. எலுமிச்சைப் பட்டாம்பூச்சிக்கோ கூடு என்பதே இல்லை. நாம் கூடெனக் கருதுவது அதன் உடலேயாகும். ஒன்றிற்குப் பொருந்தும் சொல்லை மற்றொன்றிற்கும் வழங்கியதால் வேறுபாடு மறைந்தது.

அந்நிலை உறக்கமும் அன்று. உள்ளே புழுவின் உறுப்புகள் பல சிதைந்து, சிறகும் உறிஞ்சுகுழலும் உருப்பெறுகின்றன. சிறகிற்கான உயிரணுத் தொகுதிகளோ புழுவின் உடலிலேயே முன்னர் அமைந்திருந்தவை. ஆகவே, புழுவை அழித்தல் சிறகை அழித்தலேயாகும்.

முடிவுரை

திருக்குர்ஆனில் தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயர்களைத் தாங்கிய அத்தியாயங்கள் உள்ளன. சிற்றுயிரும் சிந்தனைக்குரியதே என்பதற்கு இஃது ஒன்றே சாலும். 2019-இல் தமிழ்நாடு அரசு 'தமிழ் மறவன்' என்பதை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. பறக்கும் உயிர்க்குப் பெயரும் பெருமையும் கிடைத்தன. ஊரும் பருவமோ இன்றும் வெறும் 'புழு'வாகவே நிற்கிறது.

எலுமிச்சை நாற்று வளர்க்கும் உழவர்க்கு இப்புழு பகையாதல் உண்மையே. வீட்டுச் செடிக்கோ இழப்பு சில இலைகளே. அதற்கு மருந்து தெளித்தல் வேண்டுவதன்று. மாணவர்கள் தத்தம் ஊர்களில் மூத்தோரும் உழவரும் இப்பருவங்களுக்கு வழங்கும் சொற்களைக் கேட்டுத் தொகுப்பாராயின், அது தமிழுக்கும் உயிரியலுக்கும் ஒருங்கே தொண்டாகும். பெயரறிந்த உயிரை அழிக்கக் கை சற்றேனும் தயங்குமன்றோ!