டாக்டராக நினைக்கும் பிள்ளைக்குக் கணக்கு வேண்டுமா?



பிளஸ் ஒன் சேர்ந்து காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு நம் வீடுகள் பலவற்றில் ஒரு பேச்சு எழுகிறது. "அத்தா, எனக்குக் கணக்கு ஏறவே மாட்டேங்குது. டாக்டருக்குத்தானே படிக்கப் போறேன், ப்யூர் சயின்ஸுக்கு மாறிக்கட்டுமா?" பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும் அத்தாவுக்கு இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்கிறார், டியூஷன் வாத்தியார் இன்னொன்று சொல்கிறார். அதனால் இந்த மாதம் இதையே எடுத்துக்கொண்டோம்.

முதலில் விதி. நீட் எழுதுவதற்குக் கணக்கு தேவையே இல்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், இவற்றோடு ஆங்கிலம் படித்திருந்தால் போதும். தேர்வில் 180 கேள்விகள், மொத்தம் 720 மதிப்பெண். அதில் இயற்பியல் 180, வேதியியல் 180, உயிரியல் மட்டும் 360. பாதி மதிப்பெண் உயிரியலில் இருக்கிறது. பயோ-மேத்ஸ் குரூப்பில் உயிரியல் 100 மதிப்பெண்ணுக்கு ஒரே பாடம். ப்யூர் சயின்ஸில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியே 100 மதிப்பெண் பாடங்கள். வாரத்தில் உயிரியலுக்குக் கிடைக்கும் நேரமும் அதற்கேற்பக் கூடுகிறது. நர்சிங், பாராமெடிக்கல் படிப்புகளுக்கு நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் இடம் தருகிறார்கள். அங்கேயும் கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் விட்டுவிடலாமே என்று தோன்றும். "கணக்கு படிச்சாத்தான் நீட் இயற்பியல் வரும்" என்று சிலர் மறிப்பார்கள். அதில் பாதிதான் உண்மை. நீட் இயற்பியலில் கணக்குப் போட வேண்டியிருக்கிறது, கால்குலேட்டரும் கிடையாது. ஆனால் என்ன கணக்கு? ஒரு பொருள் சென்ற தூரம் 4t² + 2t மீட்டர் என்று கொடுத்து, மூன்றாவது நொடியில் அதன் வேகம் என்ன என்று கேட்பார்கள். வகையிட்டால் 8t + 2. விடை நொடிக்கு 26 மீட்டர். இந்த அளவு வகையீடு, தொகையீடு, வெக்டர் எல்லாவற்றையும் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகமே இயக்கவியல் பாடத்தில் தொடக்கத்திலிருந்து சொல்லித் தருகிறது. பிளஸ் டூ கணக்கில் வரும் கலப்பெண்கள், கூம்பு வளைவுகள், சமன்பாட்டியல் போன்றவை நீட் வினாத்தாளில் வருவதே இல்லை. பெருக்கல், பின்னம், அடுக்குக்குறி, திரிகோணமிதி ஆகியவற்றில் வேகம் இல்லாத பிள்ளைக்கு பத்தாம் வகுப்புக் கணக்கைத் தினமும் அரை மணி நேரம் போட்டுப் பழகுவதே அதிகம் உதவும். எனவே நீட்டுக்காக மட்டும் கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

ஆனால் இடம் கிடைக்காமல் போனால்? யோசிக்க வேண்டிய இடம் இதுதான். 2024-இல் நாடு முழுவதும் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீட் எழுதினார்கள். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்தான். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் வேறு படிப்புக்குத்தான் போகிறார்கள். அந்த வேறு படிப்பு என்னவாக இருக்கலாம் என்பதைக் கணக்கு தீர்மானிக்கிறது. பொறியியல் கவுன்சிலிங்கில் கட்-ஆஃப் 200. அதில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கம்ப்யூட்டர், பயோமெடிக்கல், நம் ஊர்த் தொழிலுக்கு நெருக்கமான டெக்ஸ்டைல் டெக்னாலஜி எல்லாம் அந்த வழியில்தான். கணக்கில்லாமல் ப்யூர் சயின்ஸ் முடித்த பிள்ளை அங்கே நிற்க முடியாது. அதற்கு நர்சிங், பாராமெடிக்கல், பி.பார்ம், வேளாண்மை, கால்நடை மருத்துவம், கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. என்ற பட்டியல் இருக்கிறது. பி.பார்மில் மட்டும் கணக்கு, உயிரியல் இரண்டு வகையினருக்கும் இடமுண்டு. குறைவான பட்டியல் என்று சொல்ல மாட்டோம், அதில் பிள்ளைக்கு விருப்பம் இருக்க வேண்டும், அவ்வளவே.

இன்னொரு விஷயம். கட்-ஆஃபில் பாதி கணக்கு என்பதால், தட்டுத் தடுமாறி 45, 50 எடுக்கும் பிள்ளைக்கு அந்த வழி பெயருக்குத்தான் திறந்திருக்கும், நல்ல கல்லூரி எட்டாது. அதற்காக இரண்டு வருடம் அழுதுகொண்டே கணக்கு டியூஷன் போய், உயிரியலையும் கோட்டைவிடுவது இரட்டை நட்டம். பத்தாம் வகுப்பில் கணக்கு இயல்பாக வந்த பிள்ளை, பிளஸ் ஒன்னில் முதல் மூன்று மாதம் திணறுவது வேறு. பாடத்தின் அளவு திடீரெனக் கூடுவதால் அந்தத் திணறல் எல்லோருக்கும் வரும். அத்தகைய பிள்ளையை அரையாண்டு வரை பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்கு என்றாலே சிறு வயதிலிருந்து பயம் என்றால், தாமதிக்காமல் வகுப்பாசிரியரைப் பாருங்கள். வருடம் ஏற ஏறக் குரூப் மாற்றுவது கடினம்.

இப்போது நம் மக்கள் அடிக்கடி கவனிக்காத ஒன்று. கேட்ட குரூப் அரசுப் பள்ளியில் இல்லை என்பதற்காகப் பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறோம். கடன் வாங்கியும் கட்டுகிறோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கும் அது வந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பொதுப் பிரிவை விடக் குறைந்த நீட் மதிப்பெண்ணுக்கே இதில் மருத்துவ இடம் கிடைக்கிறது. தனியாருக்கு மாறிய அன்றே இவ்வளவும் போய்விடுகிறது. பெண் பிள்ளையாக இருந்தால் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் கைவிட்டுப் போகும். ஒரு குரூப்புக்காகக் கொடுக்கும் விலையா இது? பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அந்தக் குரூப் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அவிநாசிக்கும் திருப்பூருக்கும் பஸ்ஸில் போய்ப் படிக்கும் பிள்ளைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை.

இதோடு முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத பி.சி.எம். ஒதுக்கீடு மருத்துவம், பொறியியல் இரண்டு கவுன்சிலிங்கிலும் உண்டு. சாதிச் சான்றிதழில் பிரிவு சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பிளஸ் டூ படிக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

உயிரியல் எடுக்காமல் கணக்கு, கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைக்குப் பின்னால் மருத்துவ ஆசை வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட அறிவிப்பின்படி, பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம். அதற்கு ஒரு வருடம் கூடுதலாகும், ஆனால் வழி அடைபடவில்லை.

பிள்ளையை உட்கார வைத்துப் பேசும்போது "டாக்டர் ஆகணுமா" என்று மட்டும் கேட்காதீர்கள். சீட் கிடைக்காவிட்டால் என்ன படிக்கப் பிடிக்கும் என்று கேளுங்கள். நர்சிங், லேப், பார்மசி என்று பதில் வந்தால் கணக்கு தேவையில்லை. இன்ஜினீயரிங் என்று வந்தால், கொஞ்சம் கஷ்டமானாலும் கணக்கை முடிக்கட்டும். தெரியவில்லை என்று சொன்னால், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் காலாண்டு விடைத்தாள்களையும் எடுத்துக்கொண்டு கணக்கு ஆசிரியரிடமும் உயிரியல் ஆசிரியரிடமும் ஒரு தடவை போய் வாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.