நல்ல வீடும் ஊரார் ஆலோசனையும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடுமிடம் திருமுக்கூடல். அதற்கு எதிர்க்கரையில், குன்றின்மேல் நரசிம்மப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஊர் பழையசீவரம். இத்தகைய ஊரில் வீடு கட்ட உத்தேசிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை அறை?" என்பதன்று, "வெள்ளம் எதுவரை வந்தது?" என்பதேயாகும். 2021-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் பாலாற்றில் பெருவெள்ளம் போயிற்று. அப்போது எந்தத் தெருவில் நீர் நின்றது, எத்தனை நாள் நின்றது, எவ்வழியாக வடிந்தது என்னும் விவரங்கள் எந்தப் படத்திலும் முழுமையாகக் காணப்படமாட்டா. தாழ்ந்த தெருவில் குடியிருப்போரும், ஆற்றோரத்தில் மாடு மேய்ப்போரும், வயது முதிர்ந்தோருமே அவற்றை அறிவார்கள். ஆகையால், வீட்டின் அமைப்பு என்பது கொத்தனாரும் வீட்டுக்காரரும் மட்டும் தீர்மானிக்கத்தக்க விஷயமன்று. அது ஊரார் கூடி ஆலோசிக்க வேண்டிய விஷயம் என்பதே இப்பாடத்தின் சாரம்.

1. உத்தரமேரூர்ச் சாசனம்

ஊர்க் காரியத்தை ஊராரே நிர்வகித்ததற்கு இப்பக்கத்தில் கல்லிலேயே சாட்சி உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் வருஷங்களில் உத்தரமேரூர்ச் சபையார் செய்த ஏற்பாடுகள் அவ்வூர்க் கோயிற் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியத்தார் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஏரி வாரியத்துக்கு 6 பேர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்தலுக்கு அருகரல்லர் என்று விதிக்கப்பட்டது. இன்றைய சங்க நிர்வாகிகளும் மனத்தில் வைக்கத்தக்க விதி இது.

ஆயினும், அச்சாசனத்தில் வேறொரு நிபந்தனையும் உண்டு. வாரியத்துக்கு வருபவர் இறை கொடுக்கும் நிலமுடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராகவும் இருத்தல் வேண்டும். அது பிராமணச் சபை. உழுகுடிகளும் கூலியாட்களும் பெண்களும் அதில் இடம் பெறவில்லை. அதாவது, வீடில்லாதவனுக்கு அன்று வாக்கில்லை. இன்றைய நிலைமை நேர்மாறானது. 1993-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி அமுலுக்கு வந்த 73-வது அரசியலமைப்புத் திருத்தத்தின்படியும், 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படியும், ஊரின் வாக்காளர் யாவரும் கிராம சபையின் அங்கத்தினரே. வீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசுங்கால், அன்று விலக்கப்பட்டவனே இன்று முதலில் பேச வேண்டியவன். குடிசையின் ஒழுக்கையும் புகையையும் அனுபவித்தவனுக்கே வீட்டில் எது அவசியம், எது ஆடம்பரம் என்பது தெரியும்.

2. குத்தம்பாக்கத்தின் அனுபவம்

இது வெறும் பேச்சன்று என்பதற்குத் திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள குத்தம்பாக்கம் உதாரணமாகும். 1996-ம் வருஷம் அவ்வூரில் இளங்கோ என்பவர் பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2006 வரை இரு தடவை அப்பதவியை வகித்தார். அவர் அவ்வூர் ஆதிதிராவிடர் குடும்பத்திற் பிறந்து, இரசாயனப் பொறியியல் கற்றவர். தமிழ்நாடு சர்க்கார் 1997-98-ல் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டத்தில் ஒரு குடியிருப்புக்கு 100 வீடுகள். ஆதிதிராவிடருக்கு 40, பிற்பட்டோருக்கு 25, மிகவும் பிற்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10 என்பது பொது ஏற்பாடு. குத்தம்பாக்கத்தார் இவற்றை இரட்டை வீடுகளாக அமைத்தனர். ஒரே நடுச்சுவரின் ஒருபுறம் ஆதிதிராவிடர் குடும்பமும், மறுபுறம் மற்றச் சாதிக் குடும்பமும் வசிக்கலாயின. சுவரொன்று மிச்சப்படுவது செலவில் லாபம். ஆனால், அந்த நடுச்சுவரின் இருபுறமும் யார் யார் வசிப்பது என்பதை எந்தக் காரியாலயமும் மேஜையிலிருந்து தீர்மானித்துவிட முடியாது. அயலாராகப் போகிறவர்களின் சம்மதமே அதற்கு அஸ்திவாரம். மண்ணை அழுத்திச் செய்த கற்களை ஊராரே தயாரித்தமையால், கூலியில் பெரும்பங்கு ஊரிலேயே தங்கிற்று.

அவ்வூரில் ஒரு சங்கடமும் நேர்ந்தது. சாக்கடை கட்டுவதற்கு, மதிப்பீட்டில் குறித்த பொருளுக்குப் பதிலாக, கருங்கல் தொழிற்சாலைகளில் கழிக்கப்பட்ட கற்பலகைகள் உபயோகிக்கப்பட்டன. செலவு குறைந்தது; எனினும் விதிமுறை மீறப்பட்டதென்று தலைவர் தற்காலிகமாகப் பதவியினின்றும் நீக்கப்பட்டார். கிராம சபை அவர் பக்கம் நின்றது. பின்னர் அவர் மீண்டும் பதவியேற்றார். இதிலிருந்து இரு விஷயங்கள் விளங்கும். சிக்கனமான யோசனை ஊரில் பிறக்கலாம். ஆனால், வேலை தொடங்குமுன்பே அதைத் தீர்மானமாக எழுதி, மதிப்பீட்டைத் திருத்தி, அனுமதி பெற்றுவிடுதல் உத்தமம்.

மேலிருந்து மட்டும் புகுத்தப்படும் சீர்திருத்தம் நிலைப்பது அரிது. பஞ்சாபில் குர்கான் ஜில்லா அதிகாரியாக 1920-க்குப் பின் இருந்த பிரெயின் துரை, வீடுகளுக்கு ஜன்னல் வைக்கவும் எருக்குழி தோண்டவும் ஊர் ஊராகச் சென்று வற்புறுத்தினார். அவர் மாற்றலாகிப் போனபின் அவற்றுள் பல கைவிடப்பட்டன. ஜன்னல் நல்லதே, ஆனால் அது வீட்டுக்காரியின் ஜன்னலாக இல்லாமல் துரையின் ஜன்னலாக இருந்தது.

3. மனையும் வீடும்

நிற்க, ஊரார் ஆலோசிக்க வேண்டிய அம்சங்கள் யாவை என்பதைக் கவனிப்போம்.

மனை: ஏரியின் நீர்பிடிப்பிலும், வடிகால் வழியிலும், ஆற்றுப் புறம்போக்கிலும் மனை கொள்ளலாகாது. வெள்ளம் நின்ற உயரத்தைப் பழைய சுவர்களில் பார்த்து அடையாளமிட்டு, வீட்டுத் தரையை அதற்கு மேல் ஒன்றரை அடியாவது உயர்த்துதல் வேண்டும்.

திசை: கோடையில் சூரியன் உச்சிக்கு நேரே செல்வதால், வீட்டின் கிழக்கு மேற்குச் சுவர்களே அதிகம் காய்கின்றன. ஆகையால், நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கியும், குறுகிய சுவர்கள் கிழக்கும் மேற்கும் நோக்கியும் இருப்பது நன்று. மேற்கில் ஒரு வேப்பமரம் இருந்தால், சுவரைப் பருமனாக்குவதைவிட அது அதிகப் பிரயோஜனம் தரும்.

காற்று: உலர்ந்த வெப்பப் பகுதியில் ஜன்னல்களின் பரப்பு, தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும், ஈரம் மிகுந்த வெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்குக்கும் குறையலாகாது என்பது கட்டட விதி. 2024-ல் தமிழ்நாடு சர்க்கார் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் அளவு 360 சதுர அடி. பத்தில் ஒரு பங்கு 36 சதுர அடி. அதாவது 3 அடி அகலமும் 4 அடி உயரமுமுள்ள ஜன்னல்கள் மூன்று. ஆறில் ஒரு பங்கு 60 சதுர அடி; அதாவது ஐந்து ஜன்னல்கள். அவையும் எதிரெதிராக அமைந்தால்தான் காற்று ஊடுருவிச் செல்லும். ஒரே சுவரில் வைத்த ஜன்னல்கள் வெளிச்சம் தருமேயன்றிக் காற்றுத் தரமாட்டா.

அடுப்படி: புகை வெளியேறும் வழி, விறகு வைக்குமிடம், நின்று சமைப்பதா உட்கார்ந்து சமைப்பதா ஆகிய மூன்றையும் சமைப்பவரே தீர்மானிக்க வேண்டும். ஆண்கள் மட்டும் கூடி அடுப்படிக்குப் படம் போடுதல் ஆற்றைப் பாராமல் பாலம் கட்டுவதைப் போன்றதாகும்.

கக்கூஸ்: இரட்டைக் குழி அமைப்பே கிராமத்துக்கு ஏற்றது. ஒரு குழி நிரம்பியதும் அதை மூடி, மற்றதைத் திறத்தல் வேண்டும். மூடியது ஒன்றரை முதல் இரண்டு வருஷத்தில் வாடையற்ற எருவாகிவிடும். கிணற்றுக்கும் குழிக்கும் 30 அடியாவது இடைவெளி வேண்டும். உன் கிணறு, என் குழி என்று தனித்தனியே எண்ணினால் இந்த இடைவெளி கிட்டாது. தெருவுக்கு ஒரே படம் போட்டால்தான் கிட்டும்.

சுவர்: பாலாற்று மணலை அளவின்றி அள்ளியதன் பலனைக் கிணறுகள் காட்டிவிட்டன. மணலும் சூளைச் செங்கல்லும் குறைந்த வீடே இனி விவேகம். தகுந்த மண்ணுடன் நூற்றுக்கு 5 பங்கு அளவில் சிமெண்டு சேர்த்து இயந்திரத்தில் அழுத்தி, நான்கு வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்திய கற்கள் சூளையின்றியே உறுதி பெறுகின்றன. ஆரோவில் மண் கட்டடக் கழகம் இம்முறையைப் பல தேசத்தாருக்கும் கற்பித்து வருகிறது. எல்லா மண்ணும் இதற்கு உதவாது. களி மிகுந்தால் வெடிக்கும். ஆகவே, முதலில் சோதனை அவசியம்.

4. சங்கம் செய்யவேண்டியது

1904-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கிராம ஐக்கிய நாணய சங்கம் தோன்றிய நாள்முதல், பங்கு எத்தனையானாலும் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்பதே இயக்கத்தின் உயிர்நாடி. வீட்டு விஷயத்திலும் சங்கம் இதே முறையைக் கையாளலாம்.

முதலாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருத்தெருவாக நடந்து பார்த்து, கோலப்பொடியால் மந்தைவெளியில் ஊரின் படத்தை வரைதல் வேண்டும். வெள்ளம் நின்ற இடம், கிணறு, சாக்கடை, மனையில்லாதார் குடிசை யாவும் அதில் குறிக்கப்படவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதாரும் இதில் திருத்தம் சொல்லக்கூடும்.

இரண்டாவது, பெண்கள் தனியே கூடி அடுப்படி, குளிக்குமிடம், கக்கூஸ் ஆகியவற்றைப் பற்றித் தங்கள் முடிவைச் சொல்ல அவகாசம் தரவேண்டும்.

மூன்றாவது, அந்தப் படத்தைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்க வேண்டும். 2022 முதல் தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு தினங்கள் இதற்கென ஏற்பட்டிருக்கின்றன.

நான்காவது, வீட்டுக் கடன் வாங்கும் அங்கத்தினர் அதை ஒரே தொகையாகக் கேளாமல், அஸ்திவாரம், ஜன்னல் மட்டம், கூரை என வேலையின் படிகளுக்கேற்ப வாங்குவது நலம். ஒவ்வொரு படியையும் அயல்வீட்டார் இருவர் பார்வையிடுதல் அதனினும் நலம். அஸ்திவாரத்தில் செய்த குற்றம் கூரை போட்டபின் திருந்தாது. கடனோ, வீடு சரிந்தாலும் சரியாது நிற்கும்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்கவேண்டிய கேள்விகள்

1. நமது ஊரில் கடந்த வெள்ளம் எந்த மட்டம் வரை வந்தது? அதைக் கண்டவர் யார்?
2. மனையில்லாத குடும்பங்கள் எத்தனை? அவர்கள் கடைசியாக எந்தக் கூட்டத்தில் பேசினார்கள்?
3. நமது வீட்டில் எதிரெதிரான ஜன்னல்கள் உண்டா? இல்லையெனில் எந்தச் சுவரில் திறக்கலாம்?
4. கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொருவரும் அளந்து வந்து சொல்லுக.