மணியின் துளை

மணி என்பது கயிற்றிலே கோத்தற்பொருட்டுத் துளையிடப்பட்ட சிறு பொருள். சிப்பியாயினும், எலும்பாயினும், கல்லாயினும், துளையுண்டாய பின்னரே அது கோக்கும் மணியாகும். ஆதலால், மணியின் பூர்வ சரித்திரத்தை அறிய விரும்புவோர் முதலில் நோக்கவேண்டியது அதன் துளையையேயாம். இதனை மேல்வகுப்பு மாணாக்கருக்குக் கற்பிக்குமாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

நாம் சிறுவயதிற் பயின்ற ஆங்கில பாடசாலையிலே, சிப்பியுங் கல்லுங் கோத்தணிதல் அநாகரிகரின் வீண்விருப்பம் என்றே கற்றோம். அதனை ஆராயாது ஏற்று, உபாத்தியாயராகிய பின்னும் பல ஆண்டு நம் மாணாக்கருக்கு அவ்வாறே போதித்தோம். அது தவறென்று பின்னரே அறிந்தோம். அறிந்ததை மறைத்தல் ஆசிரியருக்கு அழகன்று.

மொறோக்கோ தேசத்துப் பிஸ்மூன் குகையில் அகழ்ந்தெடுத்த 33 சிப்பிமணிகள் 142,000 முதல் 150,000 வரையான ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2021ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்டனர். தென்னாபிரிக்காவின் தென்கரையிலுள்ள புளொம்பொஸ் குகையிலோ, ஏறத்தாழ 75,000 ஆண்டுப் பழமையுடைய மண்ணடுக்கிலே, விரல்நகத்தளவினவாகிய நத்தையோடுகள் 40க்கு மேற்பட்டன துளையோடு கிடைத்தன. “இவை தாமே துளைபட்டன அல்ல என்பது எவ்வாறு பெறப்படும்?” என்று உபாத்தியாயர் வினாவுக. துளைகள் யாவும் பெரும்பாலும் ஓரிடத்திலேயே அமைந்தன; கயிறு உராய்ந்த தேய்வு விளிம்பிலே காணப்படுகின்றது; சிலவற்றிற் காவி படிந்துள்ளது. அந்நத்தைகள் உணவுக்காக எடுத்துவரத்தக்க பருமனுடையனவும் அல்ல. பசியையுங் குளிரையும் நீக்காத ஒன்றை ஒருவன் வருந்திச் செய்தணிந்தானாயின், அதனைக் கண்டு பொருளறிவார் பிறர் அவன் சூழலில் இருந்தனரென்க. எழுத்துத் தோன்றுமுன் மணி ஓர் அடையாளமாய் நின்றது.

இத்தகைய சான்று நம் இலங்கையிலும் உண்டு. களுத்துறைப் பகுதியிலுள்ள பாகியன்கல குகையில், ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய குடியிருப்பு அடுக்குகளிலிருந்து, எலும்பாலாகிய அம்புமுனைகளோடு கடற்சிப்பிமணிகளுங் காவிக்கல்லாலாகிய மணிகளும் எடுக்கப்பட்டன. மழைக்காட்டில் வாழ்ந்தோர் கையிற் கடற்சிப்பி வந்தமை, அவர் கடற்கரையோடு தொடர்புடையராய் இருந்தமையைக் காட்டும்.

சிப்பியைத் துளைத்தல் எளிது. கடுங்கல்லைத் துளைத்தல் அரிது. ஏறத்தாழக் கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்திருந்த சிந்துவெளி நகரங்களின் தொழிலாளர் இதில் வல்லுநராயினர். சன்குதாரோ என்னும் நகரிலே 1935-36இல் ஏர்ணஸ்ற் மக்கே என்பவர் அகழ்ந்தபோது, மணி செய்யும் பட்டறையொன்றும், பல நிலைகளில் முடிவுறாது நின்ற மணிகளும் வெளிப்பட்டன. சூதுபவளக் கல்லைச் சூடேற்றிச் செந்நிறமாக்கி, கொத்தி, அரைத்து, இருமுனையிலுமிருந்து துளைத்து, மெருகிட்டனர். துரப்பணத்தின் அலகும் ஒரு கடுங்கல்லே. அக்கல்லுக்கு மக்கே அவர்களின் பெயரால் ஏர்ணஸ்ரைற் என்று அறிஞர் பெயரிட்டனர்.

இவ்வகைத் துரப்பணத்தாற் பிற்காலத்தார் துளைத்துப் பார்த்தபோது, ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றரே சென்றது. இதனை ஒரு கணக்காக மாணாக்கருக்குக் கொடுக்க. 10 சென்றிமீற்றர் நீளமுள்ள மணியொன்றைத் துளைக்க எத்தனை மணித்தியாலம்? 40. நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் உழைப்பின் 5 நாள். ஈற்றிலே கல் பிளக்குமாயின் அவ்வுழைப்பு முழுதும் வீண். சிந்துவெளிச் சூதுபவள மணிகள், லெனாட் வூலி என்பவர் ஈராக் தேசத்து ‘ஊர்’ என்னும் பழைய நகரில் 1922 முதல் 1934 வரை நடத்திய அகழ்வில், அரசர் கல்லறைகளிற் கிடைத்தன. கடல்கடந்த அரசரும் விரும்பிய இத்தொழிலை அநாகரிகம் என்றல் எங்ஙனம் பொருந்தும்?

பாடத்தின் முடிவிலே மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிப்பியும் ஓர் ஆணியுங் கொடுத்து, உடையாமல் துளைக்கச் சொல்லுக. உடைந்தவை எத்தனை, எடுத்த நேரம் எவ்வளவு என்று அவர்களே எழுதுக. அதன்பின் அம்முன்னோரைப்பற்றி அவர்கள் கருதுவது யாதென்று வினாவுக.

நம்மிடம் தவறாகக் கற்றவர் பலர் இப்போது பெற்றோராயினர். அவர்தம் மக்களுக்கேனும் சரியாகக் கற்பிப்போமாக.