வெயிலுக்குக் கிருமி சாகுமா?

வெயில் ஏறினால் கொரோனா ஓடிவிடும் என்று 2020-இல் பலரும் சொன்னார்கள். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குத் தொற்று வந்ததே அந்த மே மாதக் கோடையில்தான். 2021 மே மாதம், கத்திரி வெயிலில், நாட்டில் ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு மேல் பாதிப்பு.

அதற்காகப் பருவத்துக்குப் பங்கில்லை என்றும் தள்ளிவிட முடியாது. ஃப்ளூ காய்ச்சல் ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை கூடும். சென்னை, வேலூரில் வடகிழக்குப் பருவமழையின்போது. மழைக்கும் ஓசூர்க் குளிருக்கும் நாம் ஷட்டரைப் பாதி இறக்குகிறோம். மூட்டைகளுக்கு நடுவே மூச்சுக்காற்று தேங்குகிறது. தீபாவளிக் கூட்டமும் அப்போதுதான்! வணிக நண்பர்களே, பின்கதவைத் திறந்து வையுங்கள். இருமும் பையனைச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்புங்கள். கல்லாவில் இருப்பவர் அறுபதைத் தாண்டியவரானால், மழைக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்கட்டும்.